அத்தியாயம் 6: வீட்டு விசேஷம், குப்பை சேராமல்

வீட்டு மாடியில் 60 பேர் சாப்பிடும் ஒரு விசேஷத்தை எடுத்துக்கொள்வோம். வளைகாப்பு, காதுகுத்து, பிள்ளையின் பிறந்தநாள், எதுவாகவும் இருக்கட்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர் பாட்டில், பாயசத்துக்கு ஒரு கப்பு, ஐஸ்கிரீமுக்கு ஒரு கப்பும் ஒரு ஸ்பூனும், காப்பிக்கு ஒரு பேப்பர் கப்பு, கை துடைக்க இரண்டு காகிதம், கிளம்பும்போது ஒரு பை. ஆளுக்கு எட்டு உருப்படி. 60 பேருக்கு 480. மேஜை விரிப்பும் பலூனும் மிச்சச் சோறும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

விசேஷத்தன்று யாரோ கவனமில்லாமல் இருந்ததால் சேர்ந்த குப்பை என்று இதைச் சொல்ல முடியாது. பத்து நாள் முன்னால் சமையல்காரரிடம் போனில், "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க" என்று சொன்னோமே, அப்போதே இந்த 480-உம் முடிவாகிவிட்டது. அதனால் இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் விசேஷத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்தான். அவற்றைச் சரியாகச் செய்துவிட்டால் அன்றைக்கு நீங்கள் வந்தவர்களை வாங்க என்று கேட்டு, உட்கார வைத்து, நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம்.

சமையல்காரரிடம் பேசும்போது

கேட்டரிங்காரர்கள் பாட்டிலும் பேப்பர் கப்பும் கொண்டுவருவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கழுவ ஆள் தேட வேண்டாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டாம். வண்டியில் இடம் அடைக்காது. இந்த மூன்றுக்கும் நீங்கள் ஒரு வழி சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அண்ணே, தண்ணி பாட்டில் வேண்டாம். பேப்பர் கப்பும் வேண்டாம்."

"அப்ப டம்ளர் யாரும்மா கழுவுறது?"

"பாத்திரக் கடையில டம்ளர் வாடகைக்குச் சொல்லியிருக்கோம். கழுவ ஒரு அக்கா வர்றாங்க, அவங்க கூலி எங்க கணக்கு. நீங்க பாட்டில் காசையும் கப்பு காசையும் கழிச்சுக்குங்க."

"சரிம்மா. இலை?"

"இலை நீங்களே வாங்கிருங்க. மேஜையில பிளாஸ்டிக் மட்டும் விரிக்க வேண்டாம்ணே. பந்திக்குப் பந்தி ஈரத்துணியால துடைச்சுக்கலாம்."

கழுவ வருகிறவருக்குக் கூலி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுச்சூழல் அக்கறை என்ற பெயரில் 150 டம்ளரை வீட்டுப் பெண்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. அப்படி ஒரு தரம் நடந்தால் அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டில் பேப்பர் கப்புதான் வரும், அதைக் குறை சொல்லவும் முடியாது. பாட்டிலுக்கும் கப்புக்கும் கொடுக்க இருந்த பணத்தை அந்தக் கூலியோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

யாராவது தயங்கினால் சட்டத்தையும் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, தெர்மாகோல் தட்டு, ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், எந்தத் தடிமனில் இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை, எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் வந்த தடையில் பிளாஸ்டிக் ஸ்பூன், ஃபோர்க், பலூன் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் மெல்லிய தாள் ஆகியவை இருக்கின்றன. தண்ணீர் பாட்டில் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. அதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

இலை, டம்ளர், தண்ணீர்

வாழை இலைக்கு மேல் நமக்கு ஒரு தட்டு தேவையில்லை. சாப்பாட்டுக்குத் தலைவாழை இலை, டிபனுக்கு ஏடு. இலையை நீங்களே வாங்குவதானால், வருகிறவர்கள் எண்ணிக்கையோடு பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கினால் போதும். கிழிசலுக்கு அது ஈடு கொடுக்கும். முகூர்த்த நாளில் இலை விலை ஏறிவிடும் என்பதால் மார்க்கெட்டில் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லி வையுங்கள். முந்தின நாள் மாலை வாங்கி, ஈரச் சாக்கிலோ பருத்தித் துணியிலோ சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் மதியம் வரை வாடாது.

ஒன்றைக் கவனித்து வாங்குங்கள். பச்சை நிறத்தில் நரம்பெல்லாம் அச்சடித்து, வாழை இலை மாதிரியே வெட்டிய பேப்பர் இலை கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. விரலை நனைத்து அதன் மேல் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஊறாமல் முத்து முத்தாக நின்றால் மேலே பிளாஸ்டிக் படலம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஓர் ஓரத்தைக் கிழித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். காகிதம் பிரிந்த இடத்தில் மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்று இழுபடும். சூடான சோறும் ரசமும் விழப்போவது அதன் மேல்தான்.

பேப்பர் கப்பின் உள்பக்கமும் அதே கதைதான். சூடான பானத்தை 15 நிமிடம் ஊற்றி வைத்தால் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்துவிடுகின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். நம் வீட்டுக்கு வந்த பெரியவர்களுக்கு அதில் காப்பி கொடுப்பது மரியாதையா என்று யோசித்துப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளரும் டபராவும் வாடகைக்குக் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் அபூர்வம். அண்டா, குண்டான், சாம்பார் வாளி எல்லாம் எடுக்கும் அதே பாத்திரக் கடையில் கேளுங்கள். பாயசத்துக்குச் சின்ன எவர்சில்வர் கிண்ணமும் அங்கேயே கிடைக்கும். இலையில் பாயசம் ஊற்றிச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

மாலை டிபனுக்கு மந்தார இலையில் தைத்த தையல் இலை நல்லது. சுண்டலுக்கும் கேசரிக்கும் தொன்னை. பாக்கு மட்டைத் தட்டைப் பலரும் கேட்பார்கள். மரத்திலிருந்து தானாக விழும் மட்டையை அழுத்திச் செய்வது, நன்றாக மக்கும், அதெல்லாம் சரி. ஆனால் பாக்கில் இருக்கும் இயற்கை நச்சுகள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, 2025-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்துவதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. வாழை இலை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது நான் பாக்கு மட்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று விற்கும் கப்பும் கரண்டியும் வேண்டாம். அதிக வெப்பம் உள்ள உர ஆலையில் மட்டுமே மக்குகிற சரக்கு அதில் நிறைய. வீட்டுக் குழியில் அது அப்படியே கிடக்கும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு மூன்று டம்ளர், அதாவது 600 மில்லி லிட்டர் என்றால் 60 பேருக்கு 36 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு போதும், கோடையில் மூன்று. காலிக் கேன் கடைக்கே திரும்பிப் போய்விடும். முந்தின நாளே இரண்டு மண்பானையில் ஊற்றி வெட்டிவேர் போட்டு வைத்தால், சில்லென்ற பாட்டில் கேட்கிறவர்களும் பானைப் பக்கம் போவார்கள். டம்ளர் கழுவ நிறையத் தண்ணீர் செலவாகாதா என்று சிலர் கேட்பார்கள். குழாயைத் திறந்து விட்டுக் கழுவினால் ஆகும். மூன்று தொட்டி வையுங்கள்: முதலில் எச்சில் போக அலசல், அடுத்தது சோப்பு, கடைசியில் நல்ல வெந்நீர். முதல் தொட்டித் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றலாம்.

சமையல் அளவு

கப்பையும் பையையும் பற்றி இவ்வளவு பேசினாலும், ஒரு விசேஷத்தில் பூமிக்கு ஏறும் பெரிய சுமை மிஞ்சும் சாப்பாட்டில்தான் இருக்கிறது. ஒரு கிலோ நெல் விளைய வயலில் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அப்படி விளைந்ததைச் சமைத்து, சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைக் கிடங்கில் கொட்டினால் அது காற்றுப் புகாத அடுக்கில் அழுகி மீத்தேனாக வெளியே வருகிறது. பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குப்பைமேட்டுத் தீக்கு இந்த மீத்தேன் நல்ல எரிபொருள்.

மிச்சம் விழ முதல் காரணம் பயம். போதாமல் போய்விட்டால் மானம் போகும் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். வந்தவர் பசியோடு திரும்பக் கூடாது என்பது நம் வீடுகளில் ஊறிய பண்பு. பயத்துக்கு மருந்து சரியான கணக்கு. பல வகை இருக்கும் மதியச் சாப்பாட்டில் ஆளுக்கு 100 கிராம் அரிசி போதும். 60 பேருக்கு 6 கிலோ. உழைப்பாளிகளும் இளவட்டங்களும் அதிகம் என்றால் ஏழரைக் கிலோ வரை போகலாம். சாம்பார் ஆளுக்கு 150 மில்லி லிட்டர், ரசம் 100, பாயசம் 100. பொரியல் ஒவ்வொன்றுக்கும் நறுக்கிய காய் ஆளுக்கு 50 கிராம். குழந்தைகளை அரை ஆளாக எண்ணுங்கள். இந்த எண்களைச் சமையல் மாஸ்டரிடம் காட்டி, அவர் அனுபவத்தில் எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஊர் வழக்கம் அவருக்குத் தெரியும்.

பிறகு தலையெண்ணிக்கை. இரண்டு நாள் முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "வீட்ல எத்தனை பேர் வர்றீங்க, சாப்பாட்டுக்கா டிபனுக்கா?" என்று கேட்டுவிடுங்கள். உறவுக்காரர்களிடம் எண்ணிக்கை கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். இன்னொரு தரம் அழைத்த மாதிரிதான் அவர்களுக்குப் படும்.

பெரிய பலன் தரும் ஓர் உபாயம் உண்டு. கணக்குப் போட்ட அரிசி முழுவதையும் ஒரே உலையில் போடச் சொல்லாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கை முதலில் வடியுங்கள். மீதி கழுவி, அளந்து, அடுப்புப் பக்கத்தில் காத்திருக்கட்டும். இரண்டாம் பந்திக்கு இலை போடும்போது அண்டாவைப் பார்த்து உலை வைத்தால் அரை மணி நேரத்தில் சோறு தயார். தேவைப்படாவிட்டால் அந்த அரிசி நாளைக்கு வீட்டில் ஆகும். சப்பாத்தி மாவு, அப்பளம், வடை மாவு எல்லாவற்றுக்கும் இதே முறை செல்லும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் செல்லாது. அங்கே அளவுதான் காவல்.

வகைகளைக் குறையுங்கள். இலை நிறைய வேண்டும் என்று 18 பதார்த்தம் வைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் மட்டும் எடுத்து மிச்சத்தை இலையோடு மடிப்பார்கள். ஒரு கூட்டு, இரண்டு பொரியல், பச்சடி, ஒரு கலந்த சாதம், சாம்பார், ரசம், மோர், ஒரு இனிப்பு, பாயசம். இதை நன்றாகச் செய்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்தப் பருவத்துக் காயாக, உங்கள் பக்கத்துக் காயாக இருந்தால் ருசியும் கூடும், செலவும் குறையும். ஐப்பசியில் ஊட்டியிலிருந்து வரும் காலிஃபிளவரைத் தேடி அலைவதைவிட வீட்டு முருங்கைக் கீரையும் சேனையும் பந்திக்குப் பெருமை சேர்க்கும்.

பரிமாறுகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: முதல் தரம் கொஞ்சமாக, இரண்டாம் தரம் கேட்டு, மூன்றாம் தரம் தாராளமாக. குழந்தைகளுக்குச் சின்ன ஏட்டில் பாதி அளவு. வீட்டு ஆள் ஒருவர் பந்தி விசாரித்துக்கொண்டே போக வேண்டும். "இன்னும் கொஞ்சம் ரசம் போடட்டுமா மாமா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே வரும் பந்தியில் குறை தெரியாது, மிச்சமும் விழாது.

அப்படியும் மிஞ்சினால் யார் எடுத்துப்போவது என்பதை முந்தின நாளே பேசி வைத்திருங்கள். கோவையில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் பல ஊர்களில் மிச்ச உணவை வாங்கித் தேவைப்படுகிறவர்களிடம் சேர்க்கின்றன. உங்கள் ஊரில் யார் செய்கிறார்கள் என்று விசாரித்து, குறைந்தபட்சம் எத்தனை பேருக்கான சாப்பாடு இருந்தால் வருவார்கள், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலையில் விழுந்ததைக் கொடுக்கக் கூடாது. பாத்திரத்தில் கைபடாமல் இருப்பதை மட்டும். சமைத்த உணவு ஆறிய பிறகு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகிவிடும். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டும் சட்னியும் முதலில் கெடும், அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். நெருங்கிய சொந்தக்காரர்களிடம் "வரும்போது ஒரு தூக்கு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

மிச்சச் சோற்றை மாட்டுக்கு வைப்பது புண்ணியம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சோறு, பொங்கல், பாயசம் போன்றவற்றை மாடு ஒரே நேரத்தில் நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். சுத்தமான வாழை இலையைப் போடலாம், அதுவும் ஸ்பூனோ பிளாஸ்டிக் கப்போ அதில் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்த பிறகு.

அலங்காரம்

வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், தென்னங்குருத்துத் தோரணம், பச்சரிசி மாக்கோலம், செம்மண் பட்டை. இவை இருந்தால் மண்டபத்து அலங்காரம் எதுவும் கிட்டே வராது. குருத்தோலையில் கிளி, பூ, பாம்பு என்று பின்னத் தெரிந்த பெரியவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். முந்தின நாள் மாலை பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். சாமந்தி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து எல்லாம் வாழை நாரில் கட்டி வாங்குங்கள். நைலான் நூலில் கட்டிய மாலையை அப்படியே உரக்குழியில் போட முடியாது. மேஜைப் பூங்கொத்துக்கு அடியில் வைக்கும் பச்சை ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்தான், அது பொடியாக உதிர்ந்து மண்ணில் தங்கிவிடும். பித்தளைச் சொம்பில் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தால் போதும்.

பிறந்தநாள் என்றால் பலூன் வளைவு, பார்ட்டி பாப்பர், ஸ்னோ ஸ்பிரே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்னோ ஸ்பிரேயில் நுரையைத் தள்ளுவது எளிதில் தீப்பிடிக்கும் வாயு. மெழுகுவத்தி எரியும் கேக்குக்குப் பக்கத்தில் அதை அடிப்பதைப் பெற்றோர் அனுமதிக்கவே கூடாது. கேஸ் பலூனில் பல இடங்களில் ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள். 2020 செப்டம்பரில் சென்னையில் ஒரு கட்சி நிகழ்ச்சியில் அப்படிப்பட்ட பலூன்கள் வெடித்துப் பலர் தீக்காயம் பட்டார்கள். பாப்பர் தூவும் மினுமினுத்தாளைப் பொறுக்கி முடியாது. இவற்றுக்குப் பதில் பழைய புடவைகளைப் பின்திரையாகக் கட்டுங்கள், பட்டுக் கரையில் படம் அருமையாக விழும். எண் எழுதிய காகிதக் கொடிகளைப் பிள்ளைகளே வெட்டி ஒட்டட்டும். பெயர் அச்சடித்த ஃபிளெக்ஸ் வேண்டாம். அடுத்த வருஷம் அது எதற்கும் ஆகாது. அதே இடத்தில் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினால் அழகாகவே இருக்கும்.

அழைப்புக்கு வாட்ஸ்அப் போதும். பெரியவர்களுக்கு மட்டும் நேரில் போய், மஞ்சள் தடவிய பத்திரிகை. விசேஷத்தைப் பகலில் வைத்துக்கொண்டால் சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், ஏசி மூன்றும் மிச்சம். ஒரே பக்கத்திலிருந்து வருகிறவர்களை ஒரு வேனில் வரச் சொல்லி அந்த வாடகையை நீங்கள் கொடுத்தால், தெருவில் கார் நிறுத்த இடம் தேடும் தலைவலியும் போகும்.

தாம்பூலப் பை

துணிப் பை என்று நம்பி நாம் வாங்கும் மெல்லிய, கசங்காத, தைக்காமல் ஒட்டிய பைகளில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீன். அதுவும் பிளாஸ்டிக்தான், தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இருப்பதும்தான். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிப் பாருங்கள். பருத்தியில் நூல் வரும், இதில் வராது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு பருத்திப் பை தைத்துத் தரும் மகளிர் குழுக்களைத் தேடுவது சுலபமாகிவிட்டது. பையில் ஊர், தேதி எல்லாம் பெரிதாக அச்சடிக்காதீர்கள். வெறும் பை என்றால் கடைக்கு எடுத்துப் போவார்கள். மணமக்கள் படம் போட்ட பை அலமாரியில் மடங்கிக் கிடக்கும்.

உள்ளே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் அல்லது இரண்டு பழம். கூடவே ஏதாவது கொடுக்க ஆசையிருந்தால் சாப்பிட்டுத் தீரும் பொருளாகக் கொடுங்கள்: கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, உடன்குடி கருப்பட்டி. பனை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் ஓலை முடைகிறவர்களுக்கும் நாலு காசு போய்ச் சேரும். மரக்கன்று கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது; நட இடம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள். அடுக்குமாடி வீட்டுக்குப் போகும் வேப்பங்கன்று பால்கனியில் காய்ந்துவிடும்.

கை கழுவும் இடத்தில்

இரண்டு கூடை போதும், ஆனால் வைக்கும் இடம் முக்கியம். சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவப் போகும் வழியில் வையுங்கள், பந்தி ஓரத்தில் வேண்டாம். ஒன்றில் இலையும் மிச்ச உணவும். மற்றொன்றில் காகிதம், அட்டை, பால் கவர். மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாலும் முதல் பத்து நிமிடம் ஒரு பையனையோ பெண்ணையோ அங்கே நிறுத்துங்கள். முதல் பந்தி சரியாகப் போட்டுவிட்டால் அடுத்த பந்தி பார்த்துப் போடும். பேப்பர் டிஷ்யூவுக்குப் பதில் கொடியில் நாலு பருத்தித் துண்டு, அவை ஈரமானால் மாற்ற இன்னும் நாலு.

தோட்டம் இருந்தால் இலைகளை அரிவாளால் துண்டாக்கி, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, இலை ஒரு அடுக்கு என்று குழியில் போட்டு மேலே மண் தூவுங்கள். நாற்றம் வராது, மூன்று நான்கு மாதத்தில் உரம். முழு இலையாகப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு அழுகும். குழிக்கு இடமில்லாதவர்கள் மக்கும் குப்பையாகத் தனியே கொடுத்துவிடுங்கள். 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் நடத்தினால், மூன்று வேலை நாள் முன்னால் உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின; இப்போது உள்ள விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் ஒரு வாரம் முன்னாலேயே பேசுங்கள். எந்த நேரம் வண்டி வரும், எப்படிக் கட்டி வைத்தால் அவருக்குத் தூக்க வசதி என்று கேளுங்கள். சோறும் கப்பும் கலந்து நொதித்த மூட்டையைக் கையால் பிரிக்கும் வேலை அவருக்கு மிஞ்சக் கூடாது. கேட்டுவிட்டு அப்படியே வந்துவிடாமல், அவரையும் அவர் வீட்டாரையும் விசேஷத்துக்கு அழையுங்கள். கடைசியில் மிஞ்சியதைக் கட்டிக் கொடுக்க வேண்டாம்; முதல் பந்தியில் இலை போடுங்கள்.